கழி ஊன்றாத வளைவு

மகாராஜா பிறந்தநாள் விடுமுறையில், குழித்துறை ஆற்றில் உல்லாசமாகப் போய்வர நண்பர்கள் நால்வர் வள்ளம் பிடித்தோம். வள்ளக்காரர் ஒரு கண்ணில் பூ விழுந்த, மெலிந்த மனிதர். மூங்கில் கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளி வந்தவர், ஒரு வளைவில் அதை வெளியே எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். நீரோட்டம் இழுத்த போக்கில் வள்ளம் ஊர்ந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

“ஏன் ஓய் நிக்கேரு? ஊனும்!” என்றேன் எரிச்சலோடு.

“எனக்க மவ இஞ்சதான் முங்கினா. ஒடலு கிட்டல்ல. கழி அவளுக்க மேல பட்டிரப்படாதுல்லா.”

வளைவு தாண்டி அவர் மறுபடி கழியை ஊன்றியபோது, “வேற வேலைக்குப் போகப்படாதா?” என்று கேட்டேன்.

“போனா, எனக்குப் பதிலா வாறவன் அங்க குத்துவாம்லா.”

மழைக்கால வெள்ளம் எதையும் ஒரே இடத்தில் விட்டுவைக்காது. ஆற்றிலேயே வாழ்ந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இன்றும் எனக்கு விளங்கவில்லை.