செம்பு போட்ட டிரம்

பூலோகம் எனக்குச் சித்தப்பா மகன். அவன் பெண்டாட்டி பேராச்சி என் அம்மா வழியில் சொந்தம். தாராவிக்குப் பக்கத்தில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் பட்டறையில் இரண்டு பேரும் வேலை பார்த்து, அதன் மாடியிலேயே குடியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் பேராச்சியை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மகள் ஷாலினி சான்பாடாவில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அப்புறம் பட்டறை மாடியில் பூலோகம் தனி ஆள்தான்.

எங்கள் பக்கம் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். டிரம்மில் பிடித்து வைக்காத வீடு கிடையாது. அதில்தான் கொசுப்புழு நெளியும். பூலோகம் மாடியில் இரண்டு டிரம் வைத்தான். ஒன்றில் செம்புத் துண்டு போட்டான், மற்றது வெறும் தண்ணீர். செம்பு போட்டதில் புழுவே வரவில்லை. மாசக்கணக்காகப் பார்த்தான், வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர் சங்கத்துச் செயலாளர் மாரிக்கண்ணன் கேள்விப்பட்டு, பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தி, 'விஞ்ஞானி பூலோகம்' என்று படத்தோடு பேனர் கட்டினான். ஜனங்கள் டிரம்மில் செம்பைப் போட்டுவிட்டு மூடி போடுவதை விட்டார்கள்.

பூலோகத்துக்கு மனசு நிறையவில்லை.

"யக்கா, எல்லாவனும் கை குடுக்கான். ஒருத்தனும் மாடி ஏறி டிரம்மை எட்டிப் பாக்கல" என்றான். என் முட்டிக்கு மாடிக்குப் போகும் இரும்பு ஏணி ஒத்துவராது.

ஷாலினிக்குக் காலேஜ் லேபில் வேலை. அவள் இந்த டிரம் விஷயத்தை இங்கிலீஷில் எழுதி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள்.

"உடனே போட மாட்டாவப்பா. இதே வேலை தெரிஞ்ச ரெண்டு பேருகிட்ட குடுத்துச் சரிபாப்பாவ. அவங்க யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாவ."

"நான் படிக்கலன்னு தள்ளிருவாவளோ?"

"படிப்பைக் கேக்க மாட்டாவ. எப்படிப் பாத்தீங்கன்னுதான் கேப்பாவ."

பதில் வந்தது. ஒருத்தர் இரண்டு வரியில் வேண்டாம் என்று முடித்துவிட்டார். இன்னொருத்தர் பக்கம் நிறையக் கேள்வி கேட்டிருந்தார். அதில் ஒன்று: இரண்டு டிரம்மும் எங்கே இருந்தன, இடம் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா?

பூலோகம் மாற்றி வைத்துப் பார்க்கவே இல்லை. தாராவியை ஒட்டின இடத்தில் செம்பைக் கண்ணுக்கு மறைவாக வைத்தால், விடியும்போது அது காயலான் கடைத் தராசில் இருக்கும். அதனால் செம்பு டிரம்மைத் தன் கதவுக்கு எதிரே, நல்ல வெயிலில் வைத்திருந்தான். மற்றது சுவரோரம் நிழலில் கிடந்தது.

அன்றைக்கே புதுத் தண்ணீர் பிடித்து இடம் மாற்றினான். அடுத்த வாரம் நிழலுக்குப் போன செம்பு டிரம்மில் புழு நெளிந்தது. வெயிலுக்கு வந்த வெறும் டிரம்மில் ஒன்றும் இல்லை.

நேரே சங்கத்துக்குப் போனான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மாரி, பேனரை இறக்கு. எல்லாரையும் டிரம்மை மூடச் சொல்லு. நான் சொன்னது தப்பு."

"யாருக்குண்ணாச்சி தெரியப் போவுது? ஜானே தோ, விட்டுத் தள்ளும்."

"எனக்குத் தெரியும்லா."

"பொன்னாடை போத்துன எங்க மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?"

"இருக்க எடத்துலயே வையி. புழு நெளியுது வே, வந்து பாரு."

மாரிக்கண்ணன் போகவில்லை. பூலோகமே பேனரை அவிழ்த்தான். வீடு வீடாகப் போய் மூடி போடச் சொன்னான். "கொசு சயின்டிஸ்ட் வாராரு, டிரம்மை மறைங்கடே" என்று சந்துக்குள் சிரித்தார்கள். என் தம்பி மகன் ஹரியின் கல்யாணப் பந்தியில் அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்தது.

இப்போது மாடியில் நாலு டிரம். வெயிலில் இரண்டு, நிழலில் இரண்டு. இரண்டு இடத்திலும் ஒன்றில் மட்டும் செம்பு. அந்தக் கேள்விகளுக்குப் பதிலை என் வீட்டிலிருந்து போனில் மகளுக்குச் சொன்னான்.

"காரணம் செம்பு இல்லன்னு எழுது. வெயிலான்னும் இன்னும் தெரியல, பாத்துக்கிட்டு இருக்கேன்னு எழுது. கடைசியா, நீங்க யாருன்னு தெரியாது, இந்தப் பக்கம் வந்தா மாடிக்கு வந்து பாருங்க, டீ போட்டுத் தாரேன்னு எழுது."



"அப்பா, அந்த வரி போகாது. அவங்களை அப்படிக் கூப்பிடக் கூடாது. ரூல்."

"அப்படியா. சரி, எடுத்துரு."

போனை வைத்தவன், "ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியல யக்கா" என்றான்.

வெளியே தூறல் விழுந்தது. டிரம்மில் மழைத்தண்ணி விழுந்தால் சோதனை கெட்டுவிடும் என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.