ஒன்பதாவது பி-யில் முதல் ரேங்க்

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர்கள் தரையை மாற்றினார்கள். டைல்ஸ் அறுக்கிற மெஷின் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் கதவைத் திறந்தால் மிதியடி, செருப்பு, நான் ஆசையாக வளர்க்கும் மணி பிளான்ட் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்த வாசனை அது. நான் விருத்தாசலத்துக்காரி.

எங்கள் ஊரில் செராமிக் கம்பெனிகள் நிறைய. ஊறுகாய் ஜாடி, பொம்மை, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் என்று என்னென்னவோ செய்வார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாக ரோட்டில் வருவார்கள். புருவத்திலும் இமையிலும் வெள்ளை படிந்திருக்கும். ஒரே பகலில் கிழவியாகிவிட்டவர்கள் மாதிரி எனக்குத் தோன்றும். அந்தக் கூட்டத்தில் ஒருநாள், என்னோடு படித்த கஸ்தூரியைப் பார்த்தேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவசரமாக எதிரே இருந்த சினிமா போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஏன் திரும்பிக்கொண்டேன் என்பதை உங்களிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பதாவது பி-யில் அவள் எப்போதும் முதல் ரேங்க், நான் எப்போதும் இரண்டாவது. நல்லூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். டவுனுக்குள்ளேயே இருந்துகொண்டு, டியூஷனும் வைத்துக்கொண்டு, அவளை என்னால் தாண்ட முடியவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பதினொன்றாவது படிக்கும் பையன் ஒருவன் அவளுக்குப் பழைய கணக்கு கைடு ஒன்றைக் கொடுத்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. கொடுத்தான், வாங்கிக்கொண்டாள், பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். அன்று காற்றடிக்கப் போனபோது, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "உங்க தங்கச்சிக்கு பஸ் ஸ்டாண்டுலயே புஸ்தகமெல்லாம் கெடைக்குது போல. பசங்களே குடுக்கறாங்க."

திங்கட்கிழமை கஸ்தூரி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்த அரையாண்டில் நான் முதல் ரேங்க். அப்பா வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார், நானும் தின்றேன்.

பிறகு படிப்பு, பேங்க் வேலை, சென்னை, கல்யாணம். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆனபோது, எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்தார்கள். ஒரு செட்டு, இரண்டு செட்டு இல்லை. வேட்டியோடு வந்த பெரியவர்களிலிருந்து போன வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வரை. மைதானத்தில் ட்யூப் லைட் கட்டி, மேசை போட்டு, ஒவ்வொரு மேசையிலும் படிப்பை முடித்த வருஷத்தை அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து சமையல்காரர்கள் வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் புழுக்கத்தில் பட்டுப்புடவை! பேங்க் ஆபீசர் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

இலை போட்டு கேசரி வைக்கும்போது ஒரு பெண் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போன வருஷத்து செட்டு. அவள் மேசை இதுவல்ல. இடம் கிடைக்காமல் வந்திருப்பாள் என்று நினைத்தேன். தேன்மொழி என்று பேர் சொன்னாள். ஆர்ட்ஸ் காலேஜில் கணக்கு எடுத்திருக்கிறாளாம். பேங்க் பரீட்சைக்கு இப்போதிருந்தே என்ன படிக்கலாம் என்று கேட்டாள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கேள்வி கேட்க ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். பிரிஞ்சி ஆறும்வரை பேசினேன்.

"எங்கம்மாவும் இந்த ஸ்கூலுதாங்க" என்றாள் அவள் நடுவில். "ஒம்பதாவதோட நின்னுட்டாங்க. கேட் பக்கத்துலதான் நிக்கிறாங்க. வாம்மான்னா, நான் முடிக்கலியே, எனக்கு எந்த மேசைங்கறாங்க."

"அம்மா பேரு?"

"கஸ்தூரி."

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். குழாயைத் தாண்டி நேராகக் கேட்டுக்குப் போனேன். சுவரோரம் ஒரு ஒயர் கூடையோடு நின்றிருந்தாள். உடனே தெரிந்தது, அதே நெற்றி.

"வாங்க. எப்ப வந்தீங்க? புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?" என்றாள்.

அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேனாவுக்கு அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேராகப் போட்டு உடைத்தேன்.

"கஸ்தூரி, உங்கண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். அந்தக் கைடு விஷயத்த."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டக்குடி பஸ் ஒன்று போனது.

"தெரியும்" என்றாள். "அடிக்கறப்பவே ஒம்பேரச் சொல்லித்தான அடிச்சாரு. அந்தப் பொண்ணு எவ்ளோ ஒழுங்கா இருக்குது, நீ ஏன்டி இப்பிடின்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"இத்தன வருஷம் கழிச்சு இத எதுக்கு எங்கிட்ட சொல்ற? நெஞ்சுல வச்சிருக்க முடியலன்னா? எறக்கி வச்சிட்ட, சரி. நான் இத எங்க கொண்டுபோயி வைக்கறது?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத. எங்கூட படிச்ச பொண்ணு பேங்க்குல இருக்குது, படிச்சா அது மாதிரி படிக்கணும்னு சொல்லிச் சொல்லித்தான் அவள வளத்திருக்கன். இன்னிக்கு ஒன்னத் தேடிக்கிட்டுதான் வந்தா. அது பொய்யின்னு ஆயிடக் கூடாது."

அதற்குள் ஒரு பெரியவர் கேட்டுக்கு வந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், அன்றைக்கு வந்தவர்களிலேயே மூத்த செட்டு. "யாரும்மா அது வெளிய? எந்த வருஷம்?"

"நான் முடிக்கலீங்க."

"நான் மட்டும் முடிச்சனா? எஸ்.எஸ்.எல்.சி. பெயிலு. என்னத்தான் மொத மேசையில ஒக்கார வச்சிருக்கானுவ. உள்ள வாம்மா, சாப்பாடு ஆறுது."

அவர் சொன்னதற்காக வந்தாள். நான் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கமாட்டாள். எனக்கு இன்னொரு பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பாதி சாப்பிட்டதும் தலையைத் தூக்கி இருட்டில் தெரிந்த கட்டடங்களைப் பார்த்தாள். "ஒம்பதாவது பி எங்க?" என்று கேட்டாள். அதை இடித்துவிட்டு சைக்கிள் ஸ்டாண்டு கட்டிவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது, கடைசி பஸ் போய்விடும் என்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். "போயிட்டு வரங்க" என்றாள் என்னிடம். மறுபடியும் 'ங்க'.

அப்படி ஒரு விருந்து அதற்குப் பிறகு நடக்கவில்லை. அந்த ரயில்வே பெரியவர் போய்விட்டார். சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. தேன்மொழி நான் சொன்ன புத்தகங்களையெல்லாம் படித்து, இரண்டாவது தடவையில் பேங்க் பரீட்சை பாஸ் பண்ணினாள். முதல் போன் எனக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கஸ்தூரி உடம்புக்கு முடியாமல் இறந்துபோன தகவலும் அவள்தான் சொன்னாள்.

துக்கம் கேட்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குன்னு இருந்த ஒரே ஃபிரெண்டு நீங்கதான் மேடம்" என்று தேம்பினாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கஸ்தூரி கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டேனா, வழக்கம்போல என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? என் முகத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவளைச் சுவரில் புதுப் படமாக மாட்டியிருந்தார்கள்.