அச்சடித்த பிள்ளையின் இடது கால்

கேழ்வரகுக் கூழ் இரண்டு நாள் புளித்தால் ஒரு வாடை வரும். அந்தக் கூழைச் சுவரில் தடவி மேலே காகிதத்தை ஒட்டினால், காய்ந்த பிறகும் அந்தப் புளிப்பு மண்சுவரின் சாணி வாடையோடு கலந்து பல நாள் வீட்டுக்குள்ளேயே நிற்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். அப்பா ஜமுனாமரத்தூர் சந்தையிலிருந்து ஒரு குழந்தைப் படம் வாங்கிவந்து, அம்மா படுக்கிற பாய்க்கு எதிரே கூழ்ப்பசை போட்டு ஒட்டியிருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் மருமகள் செல்போனில் பார்த்து மூன்று படங்கள் வரவழைத்தாள். வரிசையாக மாட்டினால் தங்க நிற இலைகளுக்கு நடுவே மூன்று மான்கள் நிற்கும். கூடத்தில் மாட்டிவிட்டு அவள் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி, "இன்னாக்கா இது, போற வூட்ல எல்லாம் இதே மான்தான் தொங்குது. மாட்டுனா கையால வரஞ்சது எதனா மாட்டு, இல்லன்னா செவுத்த சும்மா வுடு" என்றான். படித்த பிள்ளை. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் நாலு பேர் முன்னால் என் வாய் திறந்ததில்லை. அஞ்சாவது வரை படித்த எழுத்து கையில் இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். கடைப்படம் வீட்டில் இருக்கலாம், தாராளமாக இருக்கலாம்.

எனக்குப் பின்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. அதற்கப்புறம் அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சாமை குத்தும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துப் பேசினாலும் அவள் உலக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடியும் அவள் முழுகாமல் இருந்த நேரத்தில்தான் அப்பா அந்தப் படத்தைச் சுருட்டி வேட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி தினமும் எதைப் பார்க்கிறாளோ அதுமாதிரியே பிள்ளை பிறக்கும் என்று படக்காரன் சொல்லியிருந்தானாம்.

நீலத் தொப்பி போட்ட, கொழுகொழுவென்ற வெள்ளைக் குழந்தை. பக்கத்தில் ஆப்பிள் பழம் ஒன்று. அதை நாங்கள் யாரும் அதுவரை கண்ணால் கண்டதில்லை. குழந்தை வலது காலை மடக்கி, இடது காலை நம் பக்கமாக நீட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளங்கால் ரோஜா நிறம், ஐந்து விரலையும் தனித்தனியாக எண்ணலாம்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். அந்த அத்தையின் வாய்க்கு எதிரே ஊரில் யாரும் நிற்கமாட்டார்கள்.

"டேய், யார் பெத்த புள்ளையக் கொண்ணாந்து எங்கடா ஒட்டற? நம்ம வம்சத்துல இம்மாம் வெள்ளையா ஆரு கீறாங்க?"

"சும்மா பாக்கறதுக்குத்தாங்கா."

"பாக்கறதுக்குன்னா மானத்துல நெலா கீது. அத்தப் பாக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் அம்மா அடுப்பு பற்றவைத்துவிட்டு வந்து, விளக்குக் கரியைத் தண்ணீரில் குழைத்து விரலில் தொட்டு, படத்துப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "கண்ணு பட்டுடும்" என்றாள். பல நாளைக்குப் பிறகு தானாக அவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. "காயிதத்துக்குக் கண்ணாம்!" என்று அத்தை சிரித்தார். அன்றிலிருந்து அம்மா எனக்குத் தலை வாரும்போதும் அந்தப் படத்தைப் பார்த்து உட்கார்ந்துதான் வாருவாள். சில நாள் அதைப் பார்த்துக்கொண்டே ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டிருப்பாள்.

ஆடி மாதம் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டு, கொல்லையிலிருந்த எலிகள் வீட்டுக்குள் வந்தன. ஒருநாள் காலையில் அம்மா ஓடைக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையின் இடது காலைக் காணோம். கூழ்ப்பசைக்கு ஆசைப்பட்ட எலி கணுக்காலுக்குக் கீழே மொத்தமும் தின்றுவிட்டது. அந்த இடத்தில் மண்சுவரும் பல் பதிந்த கோடுகளும்தான். பார்க்கிறதுமாதிரியே பிள்ளை பிறக்கும் என்றால், அம்மா இதைப் பார்த்தால் என்ன பிறக்கும்? ஓடிப்போய் முறத்தை எடுத்துவந்து கால் இருந்த இடத்தை மறைத்து மாட்டினேன்.

"மொறத்த ஏண்டி அங்க மாட்டின?" என்றாள் அம்மா, குடத்தை இறக்கியபடி.

"அங்கதாம்மா ஆணி கீது."

ஆணியைக் கல்லால் அடித்ததே நான்தான்.

நாலு நாள் அந்த முறத்துக்குக் காவல் இருந்தேன். மாடு ஓட்டப் போனாலும் பாதியில் ஓடிவந்து பார்ப்பேன். நாலாம் நாள் சாமை புடைக்க அத்தை முறத்தை எடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. எலி தின்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒங்கம்மா பாத்தாளா?"

"இல்லத்த."

"ஒங்கப்பன்?"

"இல்ல."

சாமையைப் புடைக்காமலே முறத்தைத் திரும்ப மாட்டினார். "வர்ற சந்தைக்கி எங்கூட வா. எங்கனா வாயத் தொறந்த, ஒங் கால நான் கடிச்சிடுவேன்" என்றார்.

சந்தையில் படக்காரன் கித்தான் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, சாமிப் படம், அருவி, கிளி, குழந்தை என்று பரப்பியிருந்தான். அத்தை தேன் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "தொப்பி போட்ட புள்ள ஒன்னு எடுப்பா" என்றார். அவன் பின்னாலிருந்த ஒரு சுருளைப் பிரித்தான். எங்கோ ஓர் ஊரில் ஒரே ஒரு பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கிறது, அது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்திருக்கிறது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! இங்கே அதே பிள்ளை, ஒன்றின்மேல் ஒன்றாக, இருபதோ முப்பதோ, எல்லாம் இடது காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. அடுத்த நொடியே, எத்தனை கால், எத்தனை கால் என்று மனசு துள்ள ஆரம்பித்துவிட்டது.

"அதே புள்ளதானா? மாத்தி கீத்திக் குடுத்துடாத."

"ஒரே அச்சுக்கா. எல்லாம் சிவகாசில ஒரே நாள்ல பொறந்ததுங்க."

"பெத்தவ பாவம்டா!"

சொல்லிவிட்டு அத்தை குனிந்து இடது கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முதல் படத்தில் சுண்டுவிரலில் மை தீற்றியிருந்தது, வேண்டாம் என்று தள்ளினார். இரண்டாவதை எடுத்துக்கொண்டு காசுக்குப் பதிலாகத் தேனைக் கொடுத்தார்.

அம்மா களை வெட்டப் போயிருந்த நேரத்தில், அத்தை வேப்பிலையை அரைத்துக் கூழில் கலந்து, "இப்ப வந்து கடி பாக்கலாம்" என்று எலியை வம்புக்கு இழுத்துக்கொண்டே, பழைய படத்தின்மேல் விளிம்புக்கு விளிம்பு பொருந்தும்படி புதியதை ஒட்டினார். சாயங்காலம் அம்மா வந்தாள், கூழ் குடித்தாள், பாயில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்துப் பார்த்தபோது பிள்ளையின் கன்னத்தில் கரிப்பொட்டு இருந்தது. புதுப்பொட்டு, இன்னும் ஈரம் காயவில்லை. விரல் எண்ணிய நாங்கள் இரண்டு பேரும் பொட்டை மறந்துபோயிருந்தோம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், திரும்பாமலே, "எழுந்துட்டியா? போய் மூஞ்சி கழுவு" என்றாள். முறத்தை எப்போது விலக்கிப் பார்த்தாள், பார்த்தாளா இல்லையா, நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கார்த்திகையில் என் தம்பி பிறந்தான். அத்தை வெளியே வந்து அப்பாவிடம் சொன்ன முதல் சேதி, "ரெண்டு காலும் கீதுடா, பத்து வெரலும் கீது" என்பதுதான். "கால் இல்லாம பின்ன?" என்று அப்பா முழித்தார். படத்துச் சாயல் தம்பியிடம் மருந்துக்கும் இல்லை. அப்பாவின் கறுப்பு, அத்தையின் வாய். இன்றைக்கும் புதூர்நாட்டில் புளியமரம் ஏறி உலுக்குகிறான், இந்த வயதிலும் யார் சொன்னாலும் கேட்பதில்லை.

ஆயிரம் வீட்டில் இதே படம் தொங்குகிறது என்று குறை சொல்கிறார்களே, அப்படி ஆயிரம் இருந்ததால்தான் எங்கள் வீட்டில் அந்தக் கால் திரும்ப முளைத்தது. யாரோ கையால் வரைந்த ஒற்றைப் படமாக இருந்திருந்தால் எலியோடு கதை முடிந்திருக்கும். கையால் வரைந்ததை வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒருத்தி ஆசையாக மாட்டியதைப் பார்த்து, இது எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்வது, இவள் வீட்டில் அதற்கு என்ன வேலை என்று தெரியாமல் பேசுகிற பேச்சு.

அந்த மண்வீட்டை இடித்தபோது சுவர் கட்டி கட்டியாக விழுந்தது. படம் இரண்டு அடுக்கும் மண்ணோடு போய்விட்டது, தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அம்மாவும் அத்தையும் போய்விட்டார்கள். அம்மாவை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அவள் விரல் பட்ட படமும் இல்லை. கித்தான் விரிக்கிற படக்காரன் சந்தைக்கு வருவதில்லை, படம் இப்போது பார்சலில் வருகிறது. சிமெண்டுச் சுவரில் எலிக்குத் தின்ன எதுவும் இல்லை.

என் மருமகள் குளிக்கப் போகுமுன் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒட்டிவிட்டுப் போவாள். போன வாரம் அது நடு மானின் நெற்றியில் போய் உட்கார்ந்தது, அவள் மறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான், பார்த்துச் சிரித்தான், நகத்தால் அதைச் சுரண்டப் போனான்.

"வுடுப்பா, அது இருக்கட்டும்" என்றேன்.

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.