உப்புப் போட்ட தோலும் என் மகளின் ஜெபமும்

அன்பான விசுவாசக் குடும்பத்தாருக்கு, மாதனூர் பக்கத்திலிருந்து தேவராஜ் எழுதுகிறேன். இதைப் படித்து நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. சபையில் நான் எழுந்து சொன்னபோது போதகரே வாயைப் பொத்திக்கொண்டுதான் கேட்டார்.

போன ஜூலை மாதம் எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. காரணம் என்னவோ சந்தோஷமான காரணம்தான். என் மகள் ஏஞ்சல் எழுதிய நுழைவுத் தேர்வில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று அசாமில், இன்னொன்று ராஜஸ்தானில். அசாமில் மழை விடாது, ராஜஸ்தானில் மழை வராது. நானோ ஜோலார்பேட்டையைத் தாண்டினாலே வீட்டு நினைப்பு வந்துவிடுகிற ஆள். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றை கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இரண்டும் போய்விடும்.

என் மனைவி கிரேசிக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவள் கம்பெனி பஸ்ஸிலேயே ஓட்டெடுப்பு நடத்திவிட்டு வந்தாள். "அசாம்ல வெள்ளம் வரும்" என்றதாம் பாதி பஸ். "ராஜஸ்தான்ல அனல் அடிக்கும்" என்றதாம் மீதி பஸ். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்போதுதான் வேதத்தில் வருகிற அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். ஆண்டவரிடம் அடையாளம் கேட்டு, களத்தில் மயிருள்ள ஒரு தோலைப் போட்டாரே, அவர்தான். தரை காய்ந்து தோல் மட்டும் நனைந்திருந்தால் இது உமது சித்தம் என்றார். அப்படியே நடந்தது. நான் ஆம்பூரில் தோல் குடோனில் இருபது வருடமாகத் தரம் பிரிக்கிறவன். மற்ற விசுவாசிகள் தோலுக்கு எங்கே போவார்கள்? ஆண்டவர் என்னை இந்தத் தொழிலில் வைத்ததே இதற்காகத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மேஸ்திரியைக் கேட்டு, கழித்துப் போட்ட ஒரு செம்மறித் தோலை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மொட்டை மாடியில் விரித்து முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நனைஞ்சிருந்தா அசாம். காய்ஞ்சிருந்தா ராஜஸ்தான்."

சனிக்கிழமை விடிந்ததும் ஓடினேன். தரை காய்ந்து கிடந்தது. தோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் போட்ட அல்லேலூயாவில் பக்கத்து வீட்டு பஷீர் பாய் தன் மாடிக்கு வந்துவிட்டார்.

"இன்னா தேவராஜ், நாத்தம் தாங்கல. காக்கா வேற ஜாஸ்தியா சுத்துது."

"பாய், இது ஆண்டவர் குடுத்த அடையாளம்."

பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "அடையாளம் கொஞ்சம் கம்மியா நாறக்கூடாதா, தோஸ்த்?"

வேதத்தில் அந்த மனிதர் மறுநாள் தோல் மட்டும் காய்ந்திருக்க வேண்டும் என்று மாற்றியும் கேட்டாரே, நானும் கேட்கலாம் என்று தோன்றியது. "நாளைக்குத் தோல் காய்ஞ்சிருந்தா அசாம் உறுதி" என்றேன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் தோல் முன்னைவிட ஈரம். நேற்று அசாம் என்ற ஆண்டவர் இன்று இல்லை என்கிறாரா? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஏஞ்சல் மேலே வந்து தோலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இதுல உப்பு போட்டிருக்கா?"

"உப்பு போடாம பச்சைத் தோல் எப்படிம்மா நிக்கும்? அழுகிடாது?"

சொன்ன வாயை என்னால் மூட முடியவில்லை. உப்புப் போட்ட தோல் காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கும். மழை மாதத்தில் குடோனில் அடுக்கிய தோல் வேர்க்கும். அதைப் பார்த்து ஆட்களைச் சத்தம் போடுகிறவனே நான்தான்! கிரேசி சிரித்த சிரிப்பு பாய் வீடு வரைக்கும் கேட்டது. "இருபது வருசமா உப்புல கைய வெச்சிருக்கீங்க. இது கூடவா தெரியல?"

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். நான் அவமானத்தில் தலை குனிந்திருந்தேன். ஏஞ்சலின் முறை வந்தது. அவள் ஜெபித்தாள்:

"ஆண்டவரே, எங்கப்பா அம்மாவக் கேட்டாரு, பஸ்ல வர்றவங்க சொன்னதக் கேட்டாரு, செத்த ஆட்டக் கூட ரெண்டு தடவ கேட்டாரு. என்னை மட்டும் கேக்கல. ஒரே ஒரு தடவ கேக்க வையும். ஆமென்."

எனக்கு ஆமென் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் பதில் சொல்லுவாள், சொன்னால் போய்விடுவாள். அந்த ஐந்து மணி தானாகத் தாண்டிப் போனால் வேலூரிலேயே ஒரு கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்ற கள்ள ஆசையும் எனக்குள் இருந்தது. அதை ஆண்டவருக்கு மறைத்துவிட்டுத்தான் அவரிடமே அடையாளம் கேட்டிருக்கிறேன்.

"உனக்கு எதும்மா வேணும்?" என்றேன். அதைக் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"ராஜஸ்தான்பா." யோசிக்கவே இல்லை.

"தோல் நனைஞ்சிதேம்மா..." என்றேன் பழக்க தோஷத்தில்.

"அங்க தண்ணியப் பத்திப் படிப்பு இருக்குப்பா. நம்ம போர்த் தண்ணிய வாயில வெக்க முடியுதா? தோல்ல போடுற உப்பெல்லாம் கடைசில எங்க போவுதுன்னு நீ எப்பனா யோசிச்சியா?"

நான் யோசித்ததே இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளே பட்டனை அழுத்தினாள். காட்பாடியில் ரயில் ஏற்றியபோது நான் அழுதேன், கிரேசி அழுதாள், வழியனுப்ப வந்த பாயும் கண்ணைத் துடைத்தார். அவள் மட்டும் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போன வாரம் போன் செய்தாள். "அப்பா, இங்கயும் தண்ணி உப்புதான்! படிக்க நெறைய இருக்கு." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு நான் ஆண்டவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

பிரியமானவர்களே, இந்த வீட்டில் பதில் கிடைத்தது என் ஜெபத்துக்கு அல்ல, என் மகளின் ஜெபத்துக்கு. ஆண்டவர் மாற்றியது தோலை அல்ல, என்னை. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு முடிவுக்காகக் காத்திருந்தால், ஆண்டவரை நம்பி முதலில் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அடையாளம் வேண்டும் என்று தோன்றினால் தோலை விரியுங்கள், தடுக்கமாட்டேன். உப்பை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டு விரியுங்கள்.