கட்டைவிரல் ஜிக்முண்ட்

கடைக்காரி ஸோஃபியா அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், ஜிக்முண்டின் கட்டைவிரல் இஞ்சி ரொட்டியில் இறங்கிவிடுகிறது. அழுத்தி, விட்டு, பள்ளம் மெல்ல எழும்பி வருவதைத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்.

"இது முந்தாநாள் போட்டதும்மா."

"உங்க விரல் பட்டா இன்னிக்குப் போட்டதும் முந்தாநாளாயிடும், புரொஃபசரே. எடுங்க, இனிமே அது உங்களோடது."

தோருன் நகரில் அவர் அமுக்கிப் பார்க்காத பொருள் கிடையாது. தக்காளி, பஸ் இருக்கை, யார் யாருடைய கைக்குழந்தையின் கன்னமோ. எதிர்வீட்டு நாயின் மூக்கை அமுக்கி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். கேட்டால் "தொழிலு" என்பார். பொய்யில்லை. கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலம் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு தளர்வு என்று அளக்கும் கருவியைப் பல்கலைக்கழகத்தில் கட்டுகிறார். அது கண்ணில் சின்னதாகக் காற்று ஊதும்; படலம் நடுங்கும்; நடுக்கத்தை லேசர் படிக்கும். படலம் தளர்ந்தவர்களுக்குப் பார்வை கோணிப்போகும். முன்பே தெரிந்தால் காப்பாற்றலாம்.

ஊரார் கண்ணையெல்லாம் அளக்கக் கிளம்பிய இந்த மனிதருக்குத் தன் கண் பக்கம் ஓர் ஈ வந்தாலும் ஆகாது. சொட்டு மருந்து விட வேண்டுமானால் மனைவி க்ரிஸ்தினா அவர் மார்பில் முழங்காலை ஊன்றியாக வேண்டும். அவருடைய ஆய்வகத்திலோ, மனிதக் கண்ணில் சோதிப்பதென்றால் கருவியைச் செய்தவர் கண்தான் முதலில் என்று ஒரு வழக்கம். அதனால் பன்றிக் கண், கண்ணுக்குப் பதிலாக உறைய வைத்த ஜெலட்டின் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடுவோமே" என்பதுதான் தினசரிப் பாட்டு.

ஆஸ்பத்திரிக் கண் மருத்துவர் மார்த்தா கெடு வைத்தார். வியாழக்கிழமை வருவார், சரியாக அளந்தால் கருவி நோயாளிகளிடம் போகும், இல்லையென்றால் நிலவறைக்கு. அங்கே ஜிக்முண்டின் பழைய கருவிகள் இரண்டு ஏற்கெனவே தூசி தின்றுகொண்டிருக்கின்றன.

வியாழன் காலை, குளிர்பெட்டியிலிருந்து ஜெலட்டின் கிண்ணத்தை எடுத்து வைத்தார்கள். அதன் விறைப்பு எவ்வளவு என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். கருவி வேறு எண்ணைச் சொன்னது. மறுபடி ஊதினாலும் அதே எண். பொறியாளர் ஹலினா லேசர் கண்ணாடிகளையெல்லாம் கழற்றி மாட்டினாள். அதே எண். மார்த்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜிக்முண்டின் மூன்று வருட உழைப்பு நிலவறைக்குப் போகப்போகிறது. கூடவே, தன் கண் தப்பித்தது என்று ஒரு நிம்மதியும் எட்டிப்பார்க்க, அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

பழக்க தோஷத்தில் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு விரலை நக்கினார்.

"பூண்டு."

"என்ன சார்?"

"இது நம்ம ஜெலட்டின் இல்லம்மா. என் சம்சாரம் மத்தியானத்துக்குக் குடுத்துவிட்ட பன்னிக்கால் ஜெல்லி."

கறித்துண்டு பல்லில் சிக்கும் என்று அவர் முனகுவதால், க்ரிஸ்தினா அதை வடிகட்டித் தெளிவாக உறைய வைப்பாள். ஆய்வகக் கிண்ணம் அவள் சமையலறைக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஜிக்முண்ட் கூரையைப் பார்த்த பார்வையே சொல்லிற்று, கொண்டுபோனது அவர்தான் என்று.

மார்த்தா பையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "காலைலேருந்து இது வேற, இது வேறன்னு மெஷின் கத்திக்கிட்டே இருக்கு. நீங்கதான் காதுல வாங்கல."

சரியான கிண்ணத்தை வைத்தார்கள். சரியான எண் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவ..."

"உக்காருங்க, புரொஃபசர்." மார்த்தா கருவியின் முன்னிருந்த நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தார். மோவாயைத் தாங்கியில் வைத்தார். மூக்கு நுனி வியர்த்தது. ஹலினாவும் மார்த்தாவும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்கள். இன்னொருவருக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஜிக்முண்டும் மடக்கினார்.

"உங்களுக்கு நீங்களே மடக்கக் கூடாது சார்."

"எனக்கில்லம்மா. மெஷினுக்கு."

ஊரையே அமுக்கிப் பார்த்த அந்த விரலை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்தார்.