சொம்புத் தண்ணீரும் இரண்டு சிலிண்டரும்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூட பிஸ்டன் பேச்சுதான். கோலார் சுரங்கத்திலிருந்து சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் சித்தப்பா வாங்கிவந்த மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சிலிண்டர். இரண்டும் அண்ணன் தம்பி போல ஒட்டி நிற்கும். திருவண்ணாமலையில் அதற்கு ஈடு கிடையாது என்று அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்த மாட்டு டாக்டர் ஒரு ஜெர்மன் வண்டியில் வந்து இறங்கினார். அதற்கும் இரண்டு சிலிண்டர்; ஆனால் சண்டை போட்டவை போல இடமும் வலமுமாக முகம் திருப்பிப் படுத்திருந்தன. மருந்துப் பெட்டி வைக்கப் பக்கத்தில் ஒரு சைட்கார்.

எது மேல் என்ற வாக்குவாதம் அப்பாவின் பாத்திரக் கடையில் ஆரம்பித்து எங்கள் கூடத்துக்கு வந்தது.

"ரெண்டு கையையும் ஒண்ணா மேல தூக்கி இறக்கு பாப்பா. உடம்பு குலுங்குதா? அது உங்க சித்தப்பா வண்டி. இப்போ ரெண்டு பக்கமும் நீட்டி மடக்கு. ஒரு கை தள்றதை இன்னொரு கை சரிக்கட்டிடும்" என்றார் டாக்டர்.

என்னிடம்தான் சொன்னார். கதவோரம் நின்ற அத்தையும் கைகளை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தாள். அவள் அப்பாவின் கடைசித் தங்கை.

"பலம் எதுல ஜாஸ்தி, அதைச் சொல்லுங்க சார்" என்றார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று முடிவாயிற்று. அத்தைக்குப் பார்த்திருந்த வரன் விஷயமாக அப்பா சேலம் போயிருந்தார். மாப்பிள்ளை மனைவியை இழந்த பாத்திர வியாபாரி. மலை சுற்றும் பாதையில் பாதி தூரம் டாக்டர் வண்டி, மீதி சித்தப்பா வண்டி. தளும்பத் தளும்ப நிரப்பிய தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொள்ள அத்தை; எதில் குறைவாகச் சிந்துகிறதோ அந்த வண்டி மேல். அத்தைக்குத் துணையாக நான்.

செங்கம் ரோட்டிலேயே சித்தப்பா சீறிப் பாய்ந்து புழுதியில் மறைந்துபோனார். நாங்கள் சைட்காரில் உட்கார்ந்திருந்த டாக்டர் வண்டியோ மடியில் படுத்த பூனை போல உறுமிக்கொண்டு போயிற்று. புளியமர நிழல்கள் முகத்தில் விழுந்து விழுந்து விலகின. மலை எங்களோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தது. சொம்புத் தண்ணீரில் அதன் உச்சி குலையாமல் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, திடீரென்று சொம்பை வெளியே சாய்த்துப் பாதித் தண்ணீரை ஊற்றினாள்.

"ஏன் அத்தை?"

"சும்மா இருடி."

அடி அண்ணாமலையில் காத்திருந்த சித்தப்பா சொம்பைப் பார்த்தார். அத்தையின் ஈரமில்லாத புடவையைப் பார்த்தார். டாக்டர் குனிந்து, இல்லாத எண்ணெய்க் கசிவைத் தேடிக்கொண்டிருந்தார். சொம்பை மறுபடி நிரப்பி சித்தப்பா வண்டியில் ஏறினோம். பற்கள் கடகடத்தன. பாதித் தண்ணீர் அத்தையின் புடவையில்.

"ரெண்டும் சமமாப் போச்சு. அடுத்த வாரமும் பாத்துடலாம்" என்றார் சித்தப்பா. அப்படியே இன்னும் சில ஞாயிறுகள் போயின.

சேலத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வாரம், சித்தப்பா அப்பாவின் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்.

"டாக்டர் வண்டிதாண்ணா மேல். என்னுதுல பலம் ஜாஸ்தி. ஆனா தூரம் போறதுக்கு அதுதான். குலுக்கல் கம்மி. நம்பி ஏத்தி அனுப்பலாம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சமையலறையில் அத்தை மோர் கடையும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அவருக்குச் சொந்த ஊர் எது? அப்பா அம்மா இருக்காங்களா?" என்றார் அப்பா.

தோற்றுப்போன சித்தப்பா ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஜெர்மன் வண்டிக்கு ஊர் ஜெர்மனிதானே, இதுகூடவா அப்பாவுக்குத் தெரியாது? எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் ஒரு கவளம் சோற்றைத் திணித்துவிட்டாள்.