மூன்று மருத்துவர்கள் கேட்காத கேள்வி

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் என் மனைவிக்குப் புற்றுநோய் திரும்பி வந்தது. பழைய நோய் முடிந்த கதை என்று நினைத்து, அந்தச் சிகிச்சை ஃபைலை லிங்கராஜபுரம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் புது மருத்துவமனைக்குப் போனோம். மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சிவப்பு நிறக் கீமோ மருந்தை ஏற்றப்போன நர்ஸ்தான் கேட்டார்.

"அம்மாவுக்கு முன்னாடி இது ஏத்தியிருக்காங்களா சார்?"

"ஆறு தடவை."

"மொத்தம் எத்தனை மில்லிகிராம்?"

தெரியவில்லை. "மாடிப்படியெல்லாம் எண்ணுவாரு, இத எண்ணல" என்றாள் மனைவி.

நர்ஸ் மருந்தை நிறுத்திவிட்டார். அது இதயத் தசைச் செல்களில் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்குமாம். அச்செல்கள் புதிதாக வளர்வது மிக அரிது என்பதால் பழைய அளவும் ஆயுள் முழுக்கச் சேருமாம். ஃபைலைக் கொண்டுவந்து காட்டியதும், பழைய அளவே இதயம் தாங்கும் வரம்பை நெருங்கியிருந்ததால் மருந்தையே மாற்றினார்கள்.

இப்போது மருந்தின் பெயரையும் மொத்த மில்லிகிராமையும் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவர் கேட்பாரென்று காத்திருப்பதில்லை, உட்காருமுன்பே நீட்டிவிடுகிறேன்.